நானூற்றுப் பதினேழாம் நம்பர்

எங்கள் சலவைக் கடையில் கல்லாவுக்கு மேலே ஒரு பலகை தொங்குகிறது. 'ரசீது இல்லாமல் துணி தரப்பட மாட்டாது.' எழுதச் சொன்னது நான்தான். பாதித் தெருவுக்குத் தெரிகிற மாதிரி பெரிய சிவப்பு எழுத்து. அதிலிருந்து இந்தத் தெருவில் எனக்கு ரசீதம்மா என்றே பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, நான் முதுகைத் திருப்பினால் போதும். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட இந்தக் கடையில் ஆள் மாறிப் போனதில்லை.

அப்படிப்பட்ட என்னிடம் இன்டர்நெட் கம்பெனிப் பெண் போனில் கேட்டாள்: "அனுப்பினதுக்கு ரசீது இருக்கா மேடம்?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. என் வாயை அடைப்பது லேசான காரியம் இல்லை, என் நாத்தனாரைக் கேட்டால் சொல்வாள்.

நடந்தது இதுதான். கடை போனும் இன்டர்நெட்டும் அந்தக் கம்பெனியுடையதுதான். மழை பெய்தால் போதும், இணைப்பு படுத்துக்கொள்ளும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு கம்பெனிக்கு மாற முடிவு செய்தோம். பழைய கம்பெனிக்காரர்கள், "எங்க இன்டர்நெட் பெட்டியைப் பதினாலு நாளைக்குள்ள தபால்ல திருப்பி அனுப்பிடுங்க" என்று ஒரு காலி அட்டைப்பெட்டியும் லேபிளும் அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் கடை மேசையில் வைத்துப் பெட்டியைத் துடைத்து, கம்பியைச் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒட்டி, அடுத்த தெருத் தபால் நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். அரை மணி நேரத்தில் கை வீசிக்கொண்டு திரும்பி வந்தார். நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. உங்களிடம் உள்ள சாதனம் எங்களுக்கு வந்து சேரவில்லை, அதற்கான தொகையைக் கட்டவும், கட்டும்வரை உங்கள் கடை போன் நம்பரைப் புதிய கம்பெனிக்கு விட மாட்டோம், மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் நம்பரையே ரத்து செய்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவோம். கீழே பன்னிரண்டு இலக்கத்தில் சாதன எண். தொகையைப் பார்த்தால் அது மாதிரி மூன்று பெட்டி வாங்கலாம்.

காசுகூடப் போகட்டும். அந்த நம்பர்! கடை திறந்த நாளிலிருந்து அதுதான். ஒவ்வொரு துணிப்பையிலும், ஒவ்வொரு ரசீதிலும், எத்தனையோ வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கிற நம்பர். பாதி வாடிக்கையாளர்களுக்குக் கடையின் பெயர் தெரியாது, நம்பர் தெரியும். கடிதம் வந்த அன்று மத்தியானமே கல்லாப் பக்கத்தில் இருந்த போன் செத்துப் போனது. நாளைக்கு முப்பது அழைப்பு வருகிற போன். அது அடிக்காத கடையில் நிற்க எனக்கே பிடிக்கவில்லை.

"ரசீது எங்கே?" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"வாங்கினேனே. சட்டைப் பையில வச்சேன்."

"எந்தச் சட்டை?"

"அந்த நீலக் கட்டம் போட்டது."

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சலவைத் தொழிலில் முதல் பாடம், துணியைத் தண்ணீரில் போடுமுன் பையைத் தடவிப் பார்ப்பது. யார் சட்டையானாலும் நான் பார்ப்பேன். கிடைத்ததையெல்லாம் போட்டு வைக்க ஒரு தகர டப்பா இருக்கிறது. பொத்தான், சில்லறை, சாவி, ஒரு தடவை ஒரு பொய்ப்பல்லும் கிடைத்திருக்கிறது. ஊரார் பையையெல்லாம் பார்த்த நான், அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையின் பையை மட்டும் பார்க்கவில்லை. அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுத் துணி மலையாகக் குவிந்திருந்தது, வீட்டுத் துணியை அள்ளி அப்படியே மிஷினில் திணித்தேன். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"சட்டையைத் துவைக்கிறப்போ பார்த்தேனே, பையில ஒண்ணுமே இல்லை" என்றேன்.

பச்சைப் பொய். சொன்ன கையோடு மனசு உறுத்தியது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அப்படியா? சரி" என்றார்.

மாடி வீட்டில் இருக்கிற நாத்தனார் சேதி கேட்டு இறங்கி வந்தாள். அண்ணனை வம்புக்கிழுப்பது என்றால் அவளுக்குச் சாப்பாடே வேண்டாம்.

"அண்ணே, நீ பஸ்லதான் விட்டிருப்பே."

"அடுத்த தெருவுக்கு எதுக்கு பஸ்?"

"அதுக்கும் ஏறுவே நீ."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. என் வீட்டுக்காரருடைய மறதி ஊரறிந்தது. இதுவரை தொலைத்த குடைகளை விரித்து வைத்தால் கடைக்குப் பந்தலே போட்டுவிடலாம். துணிக்குக் குறி போடுவது கடையில் அவர் வேலை. காலர் பட்டையின் உள்பக்கம் அழியாத மையில் நம்பர் எழுத வேண்டும், நான் அதே நம்பரை நோட்டில் பதிவேன். அவர் எதையாவது யோசித்துக்கொண்டே எழுதுவார். மேசைமேல் எது வந்தாலும் கை தானாகப் போய்விடும். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் சாப்பாட்டு டப்பாவுக்கே நம்பர் போட்டுவிட்டார்.

நான் தபால் நிலையத்துக்கு ஓடினேன். கவுண்டரில் இருந்த அம்மா எங்கள் வாடிக்கையாளர்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் கோட்டுக்கான ரசீதைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோது, நான் இந்தப் பலகையைக் கையால் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தேன்.

"ரசீது நம்பர் இல்லாம எதையும் தேட முடியாதும்மா" என்றாள். "ரூல்ஸ் இல்லையா? உங்களுக்குத் தெரியாததா?"

தேன் தடவிய குரல். நான் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் கடை வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்காரர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்காருவார். அரை மணி நேரம் சங்கீதம் கேட்ட பிறகு யாராவது வருவார்கள். இவர் முதலிலிருந்து சொல்வார். "உங்க வார்த்தையை நம்புறோம் சார், ஆனா சிஸ்டத்துல இல்லையே" என்பார்கள். அடுத்த நாள் வேறு ஆள், மறுபடியும் முதலிலிருந்து. அவர் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"கட்டித் தொலைச்சிடலாங்க. நம்பர் முக்கியம்."

"கட்ட மாட்டேன்."

"ஏன் இந்தப் பிடிவாதம்?"

"கட்டினா நான் அனுப்பலைன்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி. நான் அனுப்பினேன்."

மறதிக்காரர்தான், ஆனால் இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை. அதுவும் எனக்குத் தெரியும். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு ஓரத்தில், ஒருவேளை நிஜமாகவே எங்காவது வைத்துவிட்டு வந்திருப்பாரோ என்று அரித்துக்கொண்டே இருந்தது. அப்படி இருந்துவிட்டால் என் தப்பு தப்பே இல்லை என்று ஆகிவிடும் அல்லவா? அந்த நினைப்பு எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை நினைத்து இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தது. அவருக்குத் தெரியாமல் கட்டிவிடுவது என்று முடிவு செய்து, காசை எண்ணிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மாடியிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் வாங்களேன். புது இன்டர்நெட் பெட்டி வந்திருக்கு. அலமாரிக்குப் பின்னாடி பிளக், எனக்குக் குனிய முடியலை."

"எந்தக் கம்பெனி?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதே கம்பெனி. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதி விலையாம், நாங்கள் சண்டை போட ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே பதிந்து வைத்துவிட்டாளாம்.

"நல்லா இருக்கு உன் பாசம்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கையில் வாங்கினேன். கம்பி சொருகுகிற ஓட்டையைத் தேடி அதைக் கவிழ்த்தேன்.

அடிப்பக்கம் வெள்ளையாகப் புது ஸ்டிக்கர். அதன் ஓரத்துக்கு வெளியே, கறுப்புப் பிளாஸ்டிக்கில், ஒரு கோணல் வால் நீட்டிக்கொண்டிருந்தது. ஊதா மை. யாரோ ஸ்பிரிட் போட்டு அழுத்தித் தேய்த்த வட்டம் சுற்றிலும் தெரிந்தது, மை மட்டும் அசையவில்லை. அந்த மையை நான் அறிவேன். நூறு தடவை வெந்நீரில் கொதித்தாலும் போகாத மை. அந்த வாலையும் அறிவேன். என் வீட்டுக்காரர் ஏழு எழுதினால் அதன் கால் இடது பக்கமாகச் சுருண்டு, பன்றிக்குட்டி வால் மாதிரி முடியும். உலகத்தில் வேறு யாரும் ஏழு அப்படி எழுதுவதில்லை.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். "அண்ணி, அது என் பெட்டி!" என்று நாத்தனார் பின்னாலேயே வந்தாள்.

நோட்டை எடுத்தேன். பெட்டி அனுப்பிய தேதிக்குப் புரட்டினேன். நானூற்றுப் பதினாறு, ஒரு பேன்ட். நானூற்றுப் பதினெட்டு, ஜன்னல் திரை ஆறு. நடுவில் நானூற்றுப் பதினேழு வெறுமையாக இருந்தது. அந்த வரியில் சிவப்பு மையில், என் கையெழுத்தில், 'இந்த நம்பர் எங்கே? யார் கவனக்குறைவு?' என்று எழுதியிருந்தது. அன்று சாயங்காலம் நம்பரை விட்டுவிட்டதற்காக நான் அவரைப் பிடித்து வறுத்தெடுத்தது ஞாபகம் வந்தது. அவர் நம்பரை விடவில்லை. மேசைமேல் கிடந்த கம்பெனிப் பெட்டிக்குப் போட்டிருக்கிறார்.

நாத்தனார் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிள்ளப் போனாள். "கையை எடுடி!" என்று கத்தினேன். எங்கள் தொழிலில் இன்னொரு பாடமும் உண்டு. துணியில் ஏற்கனவே கறை இருந்தால், அதை வாடிக்கையாளர் நிற்கும்போதே அவர் கண் முன்னால் விரித்துக் காட்ட வேண்டும். அவர் போன பிறகு கண்டுபிடித்தால் அது நம்முடைய கறை.

மறுநாள் காலை பத்து மணிக்கு கம்பெனியின் ஷோரூம் கதவைத் திறந்த முதல் ஆட்கள் நாங்கள்தான். நான், என் வீட்டுக்காரர், நாத்தனார். என் கையில் நோட்டும் கடிதமும். நாத்தனார் கையில் பெட்டி. வீட்டுக்காரர் கையில் ஆவி இஸ்திரிப் பெட்டி. எதற்கென்று அவரிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மேனேஜர் இளவயசுப் பையன். கழுத்தில் டை. சட்டைக் காலரில் கஞ்சி சரியாக ஏறவில்லை.

"சொல்லுங்க மேடம்."

கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு எல்லோரும் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "அனுப்பினதுக்கு ரசீது இருக்கா?"

"ரசீது இல்லை தம்பி. பெட்டியே இருக்கு."

நாத்தனார் பெட்டியை மேசைமேல் வைத்துக் கவிழ்த்தாள். மேனேஜர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இது இந்த மேடத்துக்குப் போன வாரம் நாங்க அனுப்பின புதுப் பெட்டி. உங்களோடது இல்லையே?"

"புதுசா?"

"புத்தம் புதுசு. பில்லுலயே இருக்கு."

"அப்ப இந்த ஏழு எங்கேயிருந்து வந்தது?"

நோட்டைப் பிரித்து வைத்தேன். தேதி, பதினாறு, பதினெட்டு, நடுவில் என் சிவப்பு மை. மேனேஜர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் லேசாக ஒரு தடுமாற்றம். ஆனாலும் சமாளித்தார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. மையில யாரு வேணா எழுதலாமில்லையா? நேத்து வீட்டுலகூட எழுதியிருக்கலாம்."

"ரொம்ப சரி தம்பி. நான் உங்க இடத்துல இருந்தாலும் இதையேதான் சொல்வேன். ஒரு பிளக் பாயிண்ட் கிடைக்குமா?"

"எதுக்கு?"

"உங்க கண்ணு முன்னாடிதான் செய்யணும், அதுக்கு."

அதற்குள் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் தானே முன்வந்து தன் செல்போன் சார்ஜரைப் பிடுங்கி இடம் கொடுத்தார். இஸ்திரிப் பெட்டி சூடேறி உஸ்ஸென்று ஆவி விட்டது.

"மேடம், ஸ்டிக்கரை எடுத்தா வாரண்டி போயிடும்!"

"என் பெட்டி, என் வாரண்டி. போகட்டும்" என்றாள் நாத்தனார். அந்த ஒரு வார்த்தைக்காக அவளுடைய பழைய பாக்கி அத்தனையையும் மனசுக்குள் தள்ளுபடி செய்துவிட்டேன்.

பட்டுத் துணிக்குக் காட்டுகிற மாதிரி எட்ட நின்று ஒரு மூச்சு ஆவி காட்டினேன். இரண்டாவது மூச்சு. ஓரம் சுருண்டது. மேனேஜரைப் பார்த்து, "நீங்களே உரிங்க" என்றேன். அவர் இரண்டு விரலால் பிடித்து இழுக்க, வெள்ளை ஸ்டிக்கர் முழுசாக வந்தது. அடியில் என் வீட்டுக்காரர் கையெழுத்தில் நானூற்றுப் பதினேழு. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் மஞ்சளடித்துப் போய், ஒரு பழைய ஸ்டிக்கர். பன்னிரண்டு இலக்கம்.

"நீங்க லெட்டர்ல இருக்கிறதைப் படிங்க தம்பி. என் நாத்தனார் பெட்டியில இருக்கிறதைப் படிக்கட்டும்."

"எட்டு" என்றார் மேனேஜர்.

"எட்டு" என்றாள் நாத்தனார்.

"பூஜ்யம்."

"பூஜ்யம்."

"ரெண்டு."

"ரெண்டு" என்றது வரிசையில் இருந்து இன்னொரு குரல். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சார்ஜர்காரர். ஆறாவது இலக்கத்துக்கு வரும்போது வரிசை முழுவதும் சேர்ந்து சொன்னது. மேனேஜரின் குரல் ஒவ்வொரு எண்ணுக்கும் இறங்கிக்கொண்டே போனது, வரிசையின் குரல் ஏறிக்கொண்டே போனது. பன்னிரண்டாவது இலக்கம் ஐந்து. அதை மேனேஜர் சொல்லவே இல்லை. நாங்கள் சொன்னோம். யாரோ கை தட்டினார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷம் தாங்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பொறுமையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து மேனேஜரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "அனுப்பினேன்னு சொன்னேனே சார்."

மேனேஜர் உள்ளே போய் யார் யாரிடமோ பேசினார். பெட்டி கிடங்குக்கு வந்திருக்கிறது, துடைத்து, மேலேயே புது ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், வந்ததை மட்டும் யாரும் பதியவில்லை. எங்கள் கடையாக இருந்தால் அந்த ஆளை நான் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். தொகை ரத்து, நம்பர் இன்றைக்கே விடுதலை, நாத்தனாருக்கு நிஜமாகவே புதுப் பெட்டி.

"மெயில் வந்துடும் மேடம், நீங்க போகலாம்."

"மெயில் அது பாட்டுக்கு வரட்டும். இப்ப ஒரு ரசீது எழுதிக் கொடுங்க."

கொடுத்தார். முத்திரையோடு. வாங்கி மடித்து, அவர் காலரைப் பார்த்து, "அந்தச் சட்டையை நம்ம கடைக்கு அனுப்புங்க தம்பி, கஞ்சி போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கடை போன் அடித்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு! நான் தாவி எடுத்தேன்.

"அடிக்குதா அண்ணி?" என்றாள் நாத்தனார், மாடியிலிருந்து.

"அடிக்குதுடி! நல்லா அடிக்குது!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் என் வீட்டுக்காரர் மேசையில் குறி போட்டுக்கொண்டிருந்தார். நான் நோட்டை எடுத்து என் சிவப்பு எழுத்தை அடித்தேன். ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளில் எழுதினேன்: 'நம்பர் 417. பெட்டி ஒன்று. சொன்னபடி அனுப்பினார். சந்தேகப்பட்டது என் தப்பு.' கிழித்து அவரிடம் நீட்டினேன். அவர் படிக்கும்போதே, அடக்க முடியாமல், அதையும் சொல்லிவிட்டேன்.

"அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை... பையை நான் பார்க்கவே இல்லைங்க. பார்த்தேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

என் தகர டப்பாவை இழுத்து, பொத்தான்களுக்கு அடியில் விரலை விட்டு, கல் மாதிரி காய்ந்துபோன ஒரு சின்னக் காகித உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு ஓரத்தில் தபால் முத்திரையின் வளைவு லேசாகத் தெரிந்தது.

"நீ அப்படிச் சொன்னதுக்கு அடுத்த வாரம் அந்தச் சட்டையைப் போட்டப்போ பையிலயே இருந்தது. எடுத்து இதுல போட்டு வச்சேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! ஒரு மாசமா எல்லாரும் உங்களைத்தானே..."

"என்னன்னு சொல்றது? சலவைக் கடைக்காரி பையைப் பார்க்காம துவைச்சுட்டான்னா? கடை பேரு என்னாகிறது? நான் மறதிக்காரன்னு ஊருக்கே தெரியும். எனக்குப் புதுசா என்ன கெட்டுடப் போகுது?"

நான் அழுதேன். கல்லாவில் உட்கார்ந்துகொண்டே, அந்தப் பலகைக்கு நேர் கீழே. அவர் என் ரசீதை மடித்துச் சட்டைப் பைக்குக் கொண்டு போனார். பாதியில் கை நின்றது. மறுபடி என்னிடமே நீட்டினார்.

"நீயே வச்சுக்க" என்றார். "என் பையில இருந்தா நீ துவைச்சுடுவே."